நிற்கத் தெரியாத சக்கரம்

கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் மாதமே கற்றுத்தரப்படும் இரண்டு வாக்கியங்கள். அவற்றில் நேர்ந்த சறுக்கல்கள் தொலைபேசிகளை ஊமையாக்கியிருக்கின்றன, உயிரையும் பறித்திருக்கின்றன.

2008 டிசம்பர் 31. புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பாட்டுப் பெட்டிகள் ஒரே நாளில் மௌனமாயின. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006 நவம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த 30 கிகாபைட் 'ஸூன்' கருவி அது. அன்று அதை இயக்கியவர்களுக்கு நிறுவனத்தின் சின்னம் மட்டும் திரையில் தெரிந்தது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதற்கு மேல் எதுவும் நகரவில்லை. பின்னால் வந்த ஸூன் ரகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒரு ரகம் மட்டும் மொத்தமாகப் படுத்துவிட்டது.

நிறுவனம் சொன்ன வைத்தியம் விசித்திரமாக இருந்தது. பாட்டரி தானாகத் தீர்ந்துபோகும்வரை விட்டுவிடுங்கள், கிரீன்விச் நேரப்படி ஜனவரி 1-ம் தேதி நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் செய்து இயக்குங்கள் என்றது. அப்படியே செய்தார்கள். எதுவுமே நடக்காததுபோல் கருவி மறுபடி பாடத் தொடங்கியது.

எந்த வைரஸும் தாக்கவில்லை. எந்தச் சில்லும் கருகவில்லை. கருவிக்குள் இருந்த கடிகாரத்தை இயக்கும் சிறிய புரோகிராமில் ஒரு 'லூப்', அதற்குள் ஓர் 'இஃப்' இருந்தன. கம்ப்யூட்டர் கற்கத் தொடங்கும் மாணவர் முதல் மாதத்தில் எழுதும் பயிற்சிக் கணக்கைவிட அது சிக்கலானது இல்லை. அந்தச் சில வரிகளில் ஒரு நாளை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இந்தியாவில் இந்த இரண்டு வாக்கியங்களைக் கற்பவர்களின் கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது. நடுநிலைப் பள்ளியிலேயே புரோகிராம் எழுதும் பயிற்சியைத் தொடங்கச் சொல்கிறது 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. மத்தியக் கல்வி வாரியத்தின் பதினோராம் வகுப்புக் கம்ப்யூட்டர் பாடத்தில் பைத்தான் மொழி இடம்பெற்றிருக்கிறது. பொறியியல் கல்லூரியில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் ஆண்டில் ஒரு கம்ப்யூட்டர் மொழியைத் தொடாமல் தப்புவது அரிது. அத்தனை பேரும் முதலில் சந்திப்பது இந்த இரண்டையும்தான். 'இது நடந்தால் அதைச் செய்' என்பது ஒன்று. 'இது நடக்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்' என்பது மற்றொன்று. இரண்டும் எளிதாகத் தோன்றுவதால் சீக்கிரம் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

டிக்கெட் கவுண்ட்டரில் ஒரு பாடம்

நிபந்தனை வாக்கியம் என்றால் என்ன என்று அறிய ரயில்வே கட்டணப் பட்டியலே போதும். 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி இது: முன்பதிவுப் பெட்டியில் 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனி பர்த் கேட்காதவரை டிக்கெட் வேண்டாம். 5 வயது நிறைந்து 12 நிறையாத சிறுவருக்குத் தனி பர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட். வேண்டும் என்றால் முழு டிக்கெட். 12 வயது நிறைந்தவர்களுக்கு முழு டிக்கெட்.

கவுண்ட்டரில் இருக்கும் ஊழியருக்கு இதைச் சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டருக்கு அப்படிச் சொல்ல முடியாது. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, பதில் 'ஆம்' என்றால் எங்கே போவது, 'இல்லை' என்றால் எங்கே போவது என்று ஒவ்வொன்றாக எழுதித்தர வேண்டும். இந்தக் கேள்விதான் 'இஃப்'. பதில் 'இல்லை' என்றால் போகும் பாதை 'எல்ஸ்'.

புதிதாக எழுதுபவர், "வயது 12-க்குக் குறைவா? அப்படியானால் அரை டிக்கெட்" என்று தொடங்கிவிட்டு, அடுத்த வரியில் "இல்லாவிட்டால், 5-க்குக் குறைவா? டிக்கெட் வேண்டாம்" என்று எழுதுவார். பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் 3 வயதுக் குழந்தை முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும். 3 என்பது 12-க்கும் குறைவுதானே! அரை டிக்கெட் விழுந்துவிடும். இரண்டாவது கேள்வி எந்தக் குழந்தையிடமும் கேட்கப்படாமலேயே கிடக்கும். இரண்டு வரிகளும் தனித்தனியே பார்த்தால் பிழையில்லாதவை; வரிசைதான் பிழை.

வரிசையைத் திருத்தினாலும் எல்லைகள் காத்திருக்கின்றன. '5-க்குக் குறைவு' என்று எழுத வேண்டிய இடத்தில் '5 அல்லது அதற்குக் குறைவு' என்று எழுதினால், ஐந்தாவது பிறந்த நாள் கொண்டாடிய குழந்தை ஓராண்டு இலவசமாகப் பயணம் செய்யும். நஷ்டம் ரயில்வேக்கு. 4 வயதையும் 8 வயதையும் 30 வயதையும் போட்டுச் சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழை அகப்படவே அகப்படாது. 4, 5, 11, 12 என்று வேலியோரத்து எண்களைப் போட்டால்தான் வெளியே வரும்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. 4 வயதுக் குழந்தைக்குத் தனி பர்த் வேண்டும் என்று கேட்கும் பெற்றோர்கள்? '5-க்குக் குறைவானால் இலவசம்' என்று ஒரே வரியில் முடித்தவர் அவர்களை மறந்துவிட்டார். நிபந்தனை எழுதும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதில் சேராதவர்கள் யார், அவர்கள் எங்கே போவார்கள்?

72-வது பயணி

லூப்பும் அதே ரயிலிலேயே இருக்கிறது. ஐ.சி.எஃப். ரகப் பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 பர்த்கள். 1 லோயர், 2 மிடில், 3 அப்பர், 4 லோயர், 5 மிடில், 6 அப்பர், 7 சைடு லோயர், 8 சைடு அப்பர். 9-ல் மறுபடி லோயரில் தொடங்குகிறது கதை. பர்த் எண்ணை 8-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் எந்தப் படுக்கை என்று சொல்லிவிடலாம். அடிக்கடி பயணம் செய்பவர்கள் இந்தக் கணக்கை மனதிலேயே போட்டுவிடுவார்கள். இதையே கம்ப்யூட்டர் செய்ய வேண்டுமானால் கட்டளை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

எண் = 1 என்று வைத்துக்கொள்.
எண் 72-ஐத் தாண்டாதவரை கீழே உள்ளதைத் திரும்பச் செய்:
எண்ணை 8-ஆல் வகுத்து மீதியை எடு.
மீதி 1 அல்லது 4 என்றால், 'லோயர்' என்று எழுது.
இல்லாவிட்டால், மீதி 2 அல்லது 5 என்றால், 'மிடில்'.
இல்லாவிட்டால், மீதி 3 அல்லது 6 என்றால், 'அப்பர்'.
இல்லாவிட்டால், மீதி 7 என்றால், 'சைடு லோயர்'.
இவை எதுவுமே இல்லாவிட்டால், 'சைடு அப்பர்'.
எண்ணோடு 1 கூட்டு.

ஒன்பதே வரிகள். பெட்டியில் 72 பர்த் இருந்தாலும், எல்.எச்.பி. ரகத்தில் உள்ளதுபோல் 80 இருந்தாலும் மாற்ற வேண்டியது ஓர் எண்ணை மட்டும்தான். லூப்பின் லாபம் அதுதான். எழுதுபவர் ஒருமுறை எழுதுகிறார். இயந்திரம் எத்தனை முறை வேண்டுமானாலும் அலுக்காமல் செய்கிறது.

அதே அலுக்காத குணம்தான் வினையும். '72-ஐத் தாண்டாதவரை' என்பதற்குப் பதிலாக '72-க்குக் குறைவாக உள்ளவரை' என்று எழுதினால் லூப் 71-லேயே நின்றுவிடும். கடைசி சைடு அப்பர் பட்டியலில் வராது. 72-வது பயணி கையில் டிக்கெட்டோடு நிற்பார். கடைசி வரியான 'எண்ணோடு 1 கூட்டு' விட்டுப்போனால் கதை இன்னும் மோசம். எண் 1-லேயே கிடக்கும். அது 72-ஐத் தாண்டப்போவதே இல்லை. "1 லோயர், 1 லோயர், 1 லோயர்" என்று மின்சாரம் உள்ளவரை எழுதிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர். இதைத்தான் முடிவில்லாத லூப் என்கிறார்கள்.

இவற்றைவிட நுட்பமானது மூன்றாவது பிழை. 'எண்ணோடு 1 கூட்டு' என்ற வரி இருக்கிறது. ஆனால் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாகக் கடைசியில் இல்லாமல், லோயருக்குத் தனியாக, மிடிலுக்குத் தனியாக என்று ஒவ்வொரு கிளைக்குள்ளும் எழுதப்பட்டிருக்கிறது. ஏதோ ஒரு கிளையில் மட்டும் அது விட்டுப்போய்விட்டது. அந்தக் கிளை வரும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். வந்ததும் சக்கரம் சிக்கிக்கொள்ளும். ஸூன் கருவிக்கு நேர்ந்தது இந்த மூன்றாவது ரகம்.

10,593-வது நாள்

அந்தக் கருவியின் கடிகாரச் சில்லுக்குத் தேதி, மாதம், வருடம் எதுவும் தெரியாது. 1980 ஜனவரி 1 முதல் எத்தனை நாள் ஆயிற்று என்ற ஒரே எண்ணைத்தான் அது வைத்திருந்தது. அதிலிருந்து இது எந்த வருடம் என்று கண்டுபிடிப்பது புரோகிராமின் வேலை. வழி எளிது: கையில் உள்ள நாட்கள் 365-க்கு அதிகமாக இருக்கும்வரை, வருடத்துக்கு வருடம் கழித்துக்கொண்டே வா. சாதாரண வருடம் என்றால் 365-ஐக் கழித்துவிட்டு அடுத்த வருடத்துக்குப் போ. லீப் வருடம் என்றால், நாட்கள் 366-க்கு அதிகமாக இருந்தால் 366-ஐக் கழித்துவிட்டு அடுத்த வருடத்துக்குப் போ.

1980 ஜனவரி 1-ஐ முதல் நாளாகக் கொண்டால் 2008 டிசம்பர் 31 என்பது 10,593-வது நாள். 1980 முதல் 2007 வரை உள்ள 28 வருடங்களுக்கு 10,227 நாட்களைக் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது 366. இப்போது லூப் கேட்கிறது: 365-க்கு அதிகமா? ஆம், உள்ளே வா. 2008 லீப் வருடமா? ஆம். நாட்கள் 366-க்கு அதிகமா? இல்லை, சரியாக 366. அப்படியானால் என்ன செய்வது? அதற்கு எந்தக் கட்டளையும் எழுதப்படவில்லை. எதுவும் கழிக்கப்படவில்லை, வருடமும் மாறவில்லை. மறுபடி முதல் கேள்வி: 365-க்கு அதிகமா? ஆம், உள்ளே வா...

கருவியை இயக்கியதுமே இந்தக் கணக்கு ஓடியாக வேண்டும். அது முடியாததால் பாட்டும் தொடங்கவில்லை. மறுநாள் நாட்களின் எண்ணிக்கை 367 ஆனதும் 366-ஐக் கழித்து, மீதி 1 என்று வெளியே வந்துவிட்டது லூப். பாட்டரி தீரட்டும் என்று நிறுவனம் சொன்னதன் சூட்சுமம் அதுதான். 2006 இறுதியில் விற்பனைக்கு வந்த கருவிக்கு, ஒரு லீப் வருடத்தின் கடைசி நாள் 2008-ல்தான் முதன்முதலாக வந்தது. அதுவரை இரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு நாளும், அந்த புரோகிராம் சரியான விடையைத்தான் தந்துகொண்டிருந்தது.

வெளியேறும் வாசல் எது?

பாட்டுக் கேட்க முடியாமல் போவது பெரிய இழப்பில்லை என்று சொல்பவர்கள் 1990 ஜனவரி 15-ஐ நினைத்துப் பார்க்கலாம். அன்று பிற்பகல், அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் நெடுந்தூரத் தொலைபேசி இணைப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கின. நியூயார்க்கில் இருந்த ஓர் இணைப்பகம் சிறிய கோளாறு ஒன்றால் தன்னைத்தானே நிறுத்திச் சரிசெய்துகொண்டு திரும்பியது. "நான் வந்துவிட்டேன்" என்ற அதன் செய்தி பக்கத்து இணைப்பகங்களுக்குப் போனது. அந்தச் செய்தியைக் கையாளும் புரோகிராமில் பிழை இருந்ததால், மிகக் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்துச் செய்திகள் வந்தபோது அவையும் தடுமாறி, தங்களை நிறுத்திக்கொண்டு மறுபடி கிளம்பின. கிளம்பியதும் அவையும் "வந்துவிட்டேன்" என்றன. இப்படியே நாடு முழுவதும் இருந்த 114 இணைப்பகங்களுக்கும் தொற்று பரவியது. சுமார் 9 மணி நேரம், அந்த நிறுவனத்தின் வழியாகச் செல்ல வேண்டிய அழைப்புகளில் ஏறத்தாழ பாதி போய்ச்சேரவில்லை.

சி மொழியில் எழுதப்பட்ட அந்த புரோகிராமில் பிழை ஒரே சொல்லில் இருந்தது: 'பிரேக்', அதாவது 'வெளியேறு'. ஒரு லூப்பிலிருந்தோ 'ஸ்விட்ச்' என்ற பலவழி நிபந்தனையிலிருந்தோ வெளியே வருவதற்கான கட்டளை அது. 'இஃப்' என்பதிலிருந்து வெளியேற அது பயன்படாது. ஸ்விட்சுக்குள் இருந்த ஓர் இஃப்புக்குள் அந்தச் சொல் எழுதப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் இஃப்பை மட்டும் விட்டு வெளியே வரவில்லை. ஸ்விட்சை விட்டே வெளியேறிவிட்டது. நடந்திருக்க வேண்டிய வேலைகள் விட்டுப்போயின. அறையை விட்டு வெளியே போ என்று நினைத்துச் சொன்னதை, வீட்டை விட்டே போ என்று எடுத்துக்கொண்டதுபோல. இந்தப் புதிய புரோகிராம் 1989 டிசம்பரில்தான் எல்லா இணைப்பகங்களிலும் ஏற்றப்பட்டிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே புரோகிராம் என்பதால் எல்லாம் ஒரே மாதிரி விழுந்தன.

கண்ணுக்குத் தெரிவது ஒன்று, கம்ப்யூட்டர் படிப்பது இன்னொன்று என்பதற்கு இன்னும் எளிய உதாரணம் 2014 பிப்ரவரியில் வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் தொலைபேசிகளும் கம்ப்யூட்டர்களும் ஓர் இணையதளத்தோடு ரகசியத் தொடர்பு கொள்ளும்போது, எதிர்ப்பக்கம் இருப்பது உண்மையான தளம்தானா என்று கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும். "இந்தச் சோதனையில் தவறு தெரிந்தால், தோல்விப் பகுதிக்குத் தாவு" என்று வரிசையாகப் பல நிபந்தனைகள். அவற்றில் ஓரிடத்தில் 'தோல்விப் பகுதிக்குத் தாவு' என்ற வரி இரண்டு முறை அடுத்தடுத்து வந்துவிட்டது. முதல் வரி நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது வரியும் அதே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் அதுவும் கட்டுப்பட்டதுபோலத்தான் தெரிந்தது. ஆனால் சி மொழியில் வரியை உள்ளே தள்ளி எழுதுவதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. அடைப்புக்குறி போடாவிட்டால் நிபந்தனை ஒரே ஒரு கட்டளையைத்தான் கட்டுப்படுத்தும். ஆக, இரண்டாவது வரி எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் தாவியது. தாவும் நேரத்தில் தவறு எதுவும் பதிவாகியிருக்கவில்லை என்பதால், கடைசிக் கையெழுத்துச் சோதனை நடக்காமலேயே 'எல்லாம் சரி' என்ற பதில் போனது. இடையில் புகுந்து ஒட்டுக்கேட்க விரும்புகிறவனுக்குக் கதவு திறந்து கிடந்தது. நிறுவனம் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது.

இன்று பள்ளிகளில் கற்றுத்தரப்படும் பைத்தானில் நிலைமை வேறு. 1991-ல் வெளிவந்த அந்த மொழியில் வரியை உள்ளே தள்ளுவதே இலக்கணம். எந்த வரி எந்த நிபந்தனைக்குள், எந்த லூப்புக்குள் என்பதை இடைவெளிதான் தீர்மானிக்கிறது. அதனால் கண் பார்ப்பதும் கம்ப்யூட்டர் படிப்பதும் ஒன்றாகின்றன. ஆனால் பர்த் பட்டியலில் 'எண்ணோடு 1 கூட்டு' என்ற வரியை இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டால், அது லூப்புக்கு வெளியே போய்விடும். மறுபடியும் "1 லோயர், 1 லோயர்" ஆரம்பமாகிவிடும். மொழி மாறினாலும் கேள்வி மாறுவதில்லை.

256-வது சுற்று

இந்தச் சறுக்கல்களில் மிகக் கொடியது தெராக்-25 என்ற இயந்திரத்தின் கதை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் கருவி, கனடாவில் தயாரானது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள் அதனிடம் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பெற்றார்கள். அவர்களில் சிலர் இறந்தார்கள். முந்தைய ரகத்தில் ஆபத்தைத் தடுக்க இயந்திரப் பூட்டுகள் இருந்தன. புதிய ரகத்தில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் புரோகிராமிடம் விடப்பட்டிருந்தது.

கடைசி விபத்து 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் நடந்தது. சிகிச்சைக்கு முன் இயந்திரத்தின் பாகங்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று ஒரு லூப் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும். சோதனை தேவையா இல்லையா என்று தெரிவிக்க ஓர் எண். அது 0 என்றால் சோதனை வேண்டாம். 0 இல்லாத எதுவானாலும் சோதனை செய். எழுதியவர், ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண்ணோடு 1 கூட்டும்படி செய்திருந்தார். 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போனால் 0 ஆக வழியில்லைதானே?

வழி இருந்தது. அந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஒரு பைட். அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 255-வது சுற்றுக்கு அடுத்து, ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானி கடைசியில் மறுபடி பூஜ்ஜியத்துக்குத் திரும்புவதுபோல, எண் 0 ஆகிவிடும். அந்த ஒரே சுற்றில் 'சோதனை வேண்டாம்' என்று அர்த்தம். சரியாக அந்தக் கணத்தில் இயக்குபவர் பொத்தானை அழுத்தினால் சோதனை தாண்டப்பட்டுவிடும். யாக்கிமாவில் அழுத்தப்பட்டது. அந்த நோயாளி ஏப்ரலில் இறந்தார். திருத்தம் என்னவோ சுலபமாக இருந்தது: 1 கூட்டுவதற்குப் பதில், 0 இல்லாத ஒரு நிலையான எண்ணை வைத்துவிடுவது. நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் இருவரும் 1993-ல் வெளியிட்ட விசாரணைக் கட்டுரை இந்த விபத்துகளை வரி வரியாக ஆராய்ந்தது. ஒரு பிழையைத் திருத்திவிட்டால் கருவி பத்திரமாகிவிடும் என்று நம்பியதையும் அது சாடியது.

எல்லாவற்றுக்கும் இரண்டே செங்கல்

இந்த இரண்டு வாக்கியங்களும் நேற்று முளைத்தவை இல்லை. சார்லஸ் பாபேஜ் கட்ட நினைத்த, ஆனால் கட்டி முடிக்காத இயந்திரத்தைப் பற்றி 1843-ல் குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ், ஒரே செயல்களின் தொகுதி மீண்டும் மீண்டும் நடப்பதைச் 'சுழற்சி' என்ற பொருளில் விளக்கியிருக்கிறார். 1957-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் இஃப்பும் உண்டு, லூப்பும் உண்டு. கூடவே, எந்த வரியிலிருந்தும் எந்த வரிக்கும் குதிக்கலாம் என்ற சலுகையும் உண்டு. அந்தச் சலுகையால் புரோகிராம்கள் சிக்குண்ட நூல்கண்டாக ஆயின. 1966-ல் போம், ஜாக்கோபினி என்ற இரு இத்தாலிய ஆய்வாளர்கள் நிரூபித்தது திருப்புமுனை: ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது, நிபந்தனைப்படி தேர்ந்தெடுப்பது, திரும்பச் செய்வது ஆகிய மூன்றும் இருந்தால் போதும், கம்ப்யூட்டரால் செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் எழுதிவிடலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து, கண்டபடி குதிப்பதைக் கைவிடச் சொல்லி டச்சு விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா எழுதிய கடிதம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

இந்தியாவில் இந்தப் பாடம் தொடங்கியது கான்பூரில். அங்குள்ள ஐ.ஐ.டி.க்கு 1963-ல் ஐ.பி.எம். 1620 கம்ப்யூட்டர் வந்து சேர்ந்ததும் வி. ராஜாராமன் உள்ளிட்ட ஆசிரியர்கள் ஃபோர்ட்ரான் வகுப்புகள் நடத்தினார்கள். ராஜாராமன் எழுதிய பாடநூல்கள் பல தலைமுறை மாணவர்களின் கைகளில் தவழ்ந்தன. துளையிட்ட அட்டைகளின் காலம் அது. அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். தப்பான லூப் என்றால் அந்த முறை வீண். மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அதனால் கொடுப்பதற்கு முன் காகிதத்தில் கட்டம் போட்டு, முதல் சுற்றில் எண் என்ன, இரண்டாம் சுற்றில் என்ன, கடைசிச் சுற்றில் என்ன என்று பென்சிலால் எழுதிப் பார்ப்பது பிழைப்புக்கே தேவையாக இருந்தது.

இன்று பொத்தானை அழுத்தினால் கண நேரத்தில் விடை. அந்தக் கட்டம் போடும் பழக்கம் தேய்ந்துவிட்டது. பல வகுப்பறைகளில் நட்சத்திரக் கோபுரமும் பகா எண் பட்டியலும் மனப்பாடப் பகுதிகளாகவே மாறிவிட்டன. தேர்வில் அச்சுப் பிசகாமல் எழுதும் மாணவரிடம், 72-ஐ 73 ஆக மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால் விழிக்கிறார். 2022-ன் இறுதியிலிருந்து, கேட்டதும் புரோகிராம் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் பரவலாகிவிட்டன. எழுதும் வேலையை அவை சுலபமாக்குகின்றன. எழுதியது எல்லா நாளும் சரியாக நிற்குமா என்று படித்துப் பார்க்கும் வேலை இன்னும் ஆளிடம்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு கணிதக் காரணமும் உண்டு. ஆலன் டூரிங் 1936-ல் எழுதிய ஆய்விலிருந்து கிடைக்கும் முடிவு இது: எந்த புரோகிராமைக் கொடுத்தாலும், அது நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லிவிடக்கூடிய பொதுவான ஒரு முறை இருக்க முடியாது. குறிப்பிட்ட புரோகிராம்களுக்குச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லும் மந்திரம் கிடையாது. ஆகவே லூப்பை எழுதுகிறவர்தான் அது ஏன் நிற்கும் என்பதற்குக் காரணம் வைத்திருக்க வேண்டும்.

அந்தக் காரணத்தைத் தேடுவது கடினமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எது மாறுகிறது? எந்தக் கிளையின் வழியே போனாலும் அது மாறுகிறதா? மாறி மாறி, நிற்க வேண்டிய இடத்தை நோக்கித்தான் போகிறதா? காத்திருப்போர் பட்டியலிலிருந்து பர்த் ஒதுக்கும் லூப்பை எடுத்துக்கொண்டால், பட்டியலில் ஆளும் இருக்க வேண்டும், காலி பர்த்தும் இருக்க வேண்டும். இரண்டும் உள்ளவரை ஓடலாம். 'ஆள் இருக்கும்வரை அல்லது பர்த் இருக்கும்வரை' என்று எழுதிவிட்டால், பர்த் தீர்ந்தபிறகும் இல்லாத பர்த்தை ஒதுக்கிக்கொண்டே போகும். பட்டியலில் ஒருவருமே இல்லாத நாளிலும் இதை ஓட்டிப் பார்க்க வேண்டும். லீப் வருடக் கணக்கானால் 2024 மட்டும் போதாது. 400-ஆல் வகுபடும் 2000-ஐயும், 100-ஆல் வகுபட்டும் லீப் வருடம் ஆகாத 1900-ஐயும் போட்டுப் பார்க்க வேண்டும். இதில் தவறியவர்கள் சாமானியர்கள் இல்லை. 1983-ல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 கணக்கு புரோகிராம் 1900-ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. அதோடு ஒத்துப்போவதற்காக மைக்ரோசாஃப்டின் எக்ஸெல்லும் அதையே பின்பற்றியது. நடக்காத அந்த 1900 பிப்ரவரி 29-ஐ எக்ஸெல் இன்றைக்கும் ஒரு நாளாகவே எண்ணுகிறது.

ஸூன் கருவிகளின் தயாரிப்பு 2011-ல் நின்றுபோனது. ஆனால் நாள்காட்டி இன்னும் ஆட்களைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. 2024 பிப்ரவரி 29 அன்று நியூசிலாந்தில் ஆளில்லாத பெட்ரோல் பங்க்குகள் பலவற்றில் கார்டைத் தேய்த்தவர்களுக்கு மணிக்கணக்கில் பெட்ரோல் கிடைக்கவில்லை. காரணம் லீப் நாள்தான். ஒரு வருடத்தின் 366-வது நாள் அடுத்து வருவது 2028 டிசம்பர் 31-ல். இப்போது பள்ளியில் முதல் லூப்பை எழுதிக்கொண்டிருப்பவர்களில் சிலரின் புரோகிராம்கள் அதற்குள் எங்கேனும் ஓடத் தொடங்கியிருக்கும்.